எங்கட பார்சலில் எங்கட ஊர் எங்கே?

போன தவணையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கம்பஸுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கின சோத்துப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டு விளையாடினோம். பார்சலுக்குள் இருக்கிற ஒவ்வொன்றும் எங்கே விளைந்தது என்று சொல்லவேண்டும். சொல்லத் தெரியாதவர் அண்டைக்கு எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்கித் தரவேண்டும்.

சோறு சம்பா, பொலனறுவையாக இருக்கலாம் என்றாள் ஒருத்தி. பருப்பு மைசூர்ப்பருப்பு. பெயரில்தான் மைசூர், வருவது அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்து. உருளைக்கிழங்கு பாகிஸ்தான் என்று கடைக்கார அண்ணையே சொன்னார். வெங்காயம் இந்தியா, செத்தல் மிளகாயும் இந்தியா. ரின்மீன் வந்த பேணியைத் திருப்பிப் பார்த்தால் சீனா என்று கிடந்தது. அப்பளத்துக்குப் போட்ட உளுந்து எங்கேயென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் இது எங்கட மண்ணில் முளைத்ததுதான் என்று அடித்துச் சொல்லக்கூடியதாக மிஞ்சியது இரண்டு. ஒன்று தேங்காய்ப்பூச் சம்பல். மற்றது ஓரத்தில் கிடந்த ஒரு பிடி முருங்கையிலை வறை. அந்த வறையைத்தான் எங்களில் இரண்டு பேர் தொடாமல் லஞ்சீட்டோடு சுருட்டி எறியப் போனவை.

அண்டைக்குப் பின்னேரம் எடுத்த முடிவு இது: மாசி முடிய ஒரு மாதத்துக்கு, வடக்கில் விளைந்ததை மட்டும் சாப்பிட்டுப் பார்ப்பது. நாங்கள் ஆறு பேர். நாலு பொம்பிளைப் பிள்ளையள் ஒரு வாடகை வீட்டில், இரண்டு பொடியள் அடுத்த ஒழுங்கையில். ஒரே அடுப்பு. சுற்றுச்சூழலுக்கு நல்லதாகச் சாப்பிடுவோம், உள்ளூர் உணவை உண்போம் என்று சுவரொட்டியில் கனக்க வாசித்திருக்கிறோம். அதைப் பற்றிப் பேசின கருத்தரங்கு ஒன்றில் இடைவேளைக்கு றோல்ஸும் பிளாஸ்ரிக் போத்தல் தண்ணியும் தந்ததையும் பார்த்திருக்கிறோம். செய்து பார்த்தால்தான் தெரியும் என்று நினைத்தோம். அந்த மாதம் எங்களுக்குள் வந்த சண்டைகளில் இருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில் சுகமான பக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். திருநெல்வேலிச் சந்தைக்குக் காலமை ஏழு மணிக்குப் போனால் பட்டினி கிடக்கத் தேவையில்லை. வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை, முருங்கை, கத்தரி, பயித்தங்காய், பூசணி, மரவள்ளி, இராசவள்ளி. மாசி என்றபடியால் காலபோக நெல் வெட்டி முடிந்து புது அரிசி வந்திருந்தது. கூட்டாளி ஒருத்தியின் மாமா வீட்டில் இருந்து மொட்டைக்கறுப்பன் புழுங்கல் அரிசி ஒரு சாக்கு வந்தது. பருப்புக்குப் பதில் பயறும் கௌபியும். எண்ணெய்க்கு நல்லெண்ணெய். பனங்கிழங்கு சந்தையில் கட்டுக்கட்டாக இருந்தது, அவித்துத் தும்பு வார்ந்து தின்றுகொண்டே நோட்ஸ் எழுதினோம். சனிக்கிழமை ஒன்றில் ஒடியல் கூழ் காய்ச்சினோம். ஒடியல் மாவை ஊறவைத்து ஊறவைத்துக் கைப்பை இறுத்து, நண்டும் றாலும் மீன்தலையும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பழப்புளி கரைத்து விட்டு. பனையோலையில் பிளா கோலத் தெரிந்த ஒருத்தரும் எங்களுக்குள் இல்லை. ரீ குடிக்கிற கோப்பையில் குடித்தோம். கூழுக்கு ஒன்றும் குறையவில்லை.

கஷ்டம் காலமைச் சாப்பாட்டில் தொடங்கியது. பாண் இல்லை, கோதம்பமாப் புட்டு இல்லை, ரொட்டி இல்லை. கோதுமை இந்தத் தீவில் விளைவதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டோடு எங்கட குசினிக்குள் கால் வைத்தது, இப்போது அது இல்லாமல் ஒரு மாணவர் நாள் விடியாது. அரிசிமா என்றால் ஊறப்போட வேண்டும், இடிப்பிக்க வேண்டும், வறுக்க வேண்டும். எட்டு மணி விரிவுரைக்கு இடியப்பம் அவிக்கிறவர் ஐந்து மணிக்கு எழும்பவேண்டும். பாண் என்றால் கடையில் போய் நிற்கிற இரண்டு நிமிசம். இரண்டாவது சிக்கல் தேத்தண்ணி. தேயிலை மலையகத்தில் இருந்து வருவது, வடக்கில் இல்லை. மூன்று நாள் தலையிடியோடு திரிந்துவிட்டு, தேயிலைக்கு மட்டும் விலக்கு என்று சட்டத்தைத் திருத்தினோம். சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தோம். பனங்கட்டி சீனியை விடப் பல மடங்கு விலை, அதனால் ஆளுக்கொரு துண்டுதான். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனிச் சண்டைக்கு வருவோம்.

இரண்டாவது கிழமை சந்தையில் ஒரு ஆச்சியிடம் கோவா வாங்கக் குனிந்தோம். அவ எங்களை ஒருக்கால் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளையள், கோவா வேண்டாம், முந்தநாள்தான் மருந்தடிச்சது. இந்தக் கீரையைக் கொண்டு போங்கோ" என்றா. கோவாவும் இங்கேதான் விளைந்தது, கீரையும் இங்கேதான். எங்கட விதிப்படி இரண்டும் சரி. அதற்குப் பிறகு சுன்னாகப் பக்கம் தோட்டம் செய்கிற ஒரு ஐயாவிடம் கதைத்தோம். விற்கிறதுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு மருந்தடிக்காத பாத்தி ஒன்று இன்னொரு பக்கம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஏன் எல்லாத்தையும் அப்படிச் செய்யக்கூடாது என்று கேட்டோம். "புழு அரிச்ச கத்தரிக்காயை நீங்கள் காசு குடுத்து வாங்குவியளோ?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. முதல் கிழமை அப்படியான கத்தரிக்காயைத் தட்டிக் கழித்துவிட்டு மினுங்குகிறதைப் பொறுக்கினது நாங்கள்தான்.

உள்ளூர் என்ற சொல்லுக்குள் எல்லாத்தையும் அடக்கிவிடலாம் என்ற எங்கட நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிக் கிடக்கிற ஒரே நிலத்தடி நீரைத்தான். அந்தக் கல் ஓட்டையும் வெடிப்புமானது. மேலே கொட்டுகிற யூரியாவும் மலசலகூடக் குழியில் இருந்து கசிகிறதும் கனநாள் எடுக்காமல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருக்கிறது என்று 1980களில் இருந்தே ஆய்வுகள் சொல்லிக்கொண்டு வருகின்றன. கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணி கூடாது. ஆக, எங்கட ஊர் மிளகாயும் வெங்காயமும் எங்கட கிணற்றைக் கெடுத்துக்கொண்டும் விளையலாம்.

இந்த இடத்தில் எங்களில் ஒருத்தன், அப்ப கனடாப் பருப்பே நல்லமெல்லோ என்று கேட்டான். பகிடிக்குக் கேட்டாலும் கேள்வி பிழையில்லை. உலகத்தில் வெளியேறுகிற பச்சைவீட்டு வாயுக்களில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உணவோடு சம்பந்தப்பட்டது. அதில் பெரும்பங்கு வெளியேறுவது வயலிலும் பட்டியிலும், காடழித்த இடத்திலும்தான். கப்பல் ஏறி வருகிற ஒரு கிலோ பருப்பை விட, பக்கத்து ஊரில் அடித்த ஒரு கிலோ மாட்டிறைச்சி சூழலுக்குக் கூடச் சுமை. எத்தனை கிலோமீற்றர் என்பதை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும். என்ன சாப்பிடுகிறோம், எப்படி விளைந்தது, எவ்வளவை எறிகிறோம் என்பதையும் எண்ணவேண்டும். அந்த எறியப்போன முருங்கையிலை வறை இங்கே திரும்பவும் ஞாபகம் வருகிறது.

அப்படியென்றால் உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு ஏன் வக்காலத்து வாங்கவேண்டும்? 2022ஐ மறக்காததால். எங்களில் கனபேர் அந்த வருசம்தான் உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தோம். நாட்டில் டொலர் முடிந்தது. பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்த வருசம் செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்துக்குக் கிட்டப் போனது. பார்சலில் இருக்கிற சாமானில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வந்தால், டொலர் இல்லாத நாளில் பார்சலில் என்ன மிஞ்சும் என்பதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பின்வளவில் முருங்கையும் ஈரப்பலாவும் நின்ற வீட்டுப் பிள்ளை ஒரு மாதிரிச் சமாளித்தது. நிற்காத வீட்டுப் பிள்ளை சமாளிக்கவில்லை.

ஆனால் அதே காலத்தில்தான் சூழல் என்ற பெயரில் என்னவெல்லாம் செய்யலாம் என்பதையும் பார்த்தோம். 2021 வசந்தகாலத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவித்தலில் நிற்பாட்டினார்கள். மாட்டெருவுக்கு மாடு எங்கே, கூட்டெரு செய்யக் காலம் எங்கே என்று ஒருத்தரும் தோட்டக்காரரிடம் கேட்கவில்லை. விளைச்சல் விழுந்தது, நொவம்பரில் தடையை எடுத்தார்கள். சேதனப் பயிர்ச்செய்கை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எங்கட ஐயா போன்றவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு நல்ல விசயத்தை இதைவிட மோசமாகக் கெடுத்திருக்க முடியாது. அடுத்த வருசம் ஆனியில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள். மாதச் சம்பளக்காரருக்கு லீவு. நாட்கூலிக்குப் போகிறவருக்கு?

மாதத்தின் நடுவில் கூட்டாளி ஒருத்தி தன் அம்மாவிடம் ரெலிபோனில் எங்கட பரிசோதனையைப் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு. "நாங்கள் அஞ்சு வருசம் செய்தனாங்கள். ஒருத்தரும் கட்டுரை எழுதேல்ல."

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடையைத்தான் சொன்னா. எரிபொருள் இல்லை, யூரியா இல்லை, பற்றி இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த காலம். மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடின காலம். ஒடியலும் குரக்கனும் இலைக்கஞ்சியும் அப்போது யாரும் விரும்பித் தெரிந்தெடுத்த ஆரோக்கிய உணவு இல்லை, வேறொன்றும் இல்லாதபடியால் தின்றது. அந்தத் தலைமுறைக்குக் கூழ் என்றால் பசியும்தான் ஞாபகம் வரும். முகநூலில் கூழ்ச் சட்டியின் படத்தைப் போட்டுப் "பாரம்பரியம்" என்று எழுதுகிறபோது, தங்கட பிள்ளைக்குப் பாண் வாங்கிக் கொடுத்ததை ஒரு வெற்றியாக நினைத்த அம்மாக்களைக் கொஞ்சம் நினைக்கவேண்டும் என்று எங்களுக்குப் பட்டது.

பாரம்பரியம் என்ற சொல்லில் எங்களுக்கு இன்னொரு கோபமும் இருக்கிறது. பனையில் ஏறினவர்களின் உழைப்பில்தான் பனங்கட்டியும் கள்ளும் வந்தது. அந்தச் சமூகங்களைத்தான் ஊர்க் கிணற்றில் தண்ணி அள்ள விடாமல் வைத்திருந்தது இந்த ஊர். தேத்தண்ணிக்கடைக்குள் சமமாக இருந்து குடிக்கிற உரிமைக்காக 1960களில் போராடித்தான் வெல்லவேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலம் பொலிசாரின் அடி வாங்கினது. எங்கட முன்னோரின் உணவு என்று சொல்கிறபோது யாருடைய முன்னோர், யார் சமைத்து யார் வெளியில் நின்றது என்று கேட்காமல் விடமுடியாது.

நிலத்தின் கதையும் அதுதான். வீட்டுத்தோட்டம் செய் என்று சொல்வதற்கு வீட்டோடு தோட்டம் இருக்கவேண்டும். எங்கட குழுவில் ஒருத்தியின் குடும்பம் இரண்டு பரப்புக் காணியில் ஒட்டின திட்ட வீடு ஒன்றில் மூன்று குடும்பமாக இருக்கிறது. கிணறு பொதுக்கிணறு. "நாலு மிளகாய்க் கண்டு வைக்கிறதெண்டாலும் யாற்றையோ தண்ணியில வைக்கவேணும்" என்றாள். இன்னொருத்தனின் சொந்த ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் இடம்பெயர்ந்த ஊர். கட்டம் கட்டமாகக் காணி விட்டார்கள், இவன்ட தாத்தாவின் செம்மண் தோட்டம் இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். குடாநாட்டின் நல்ல மண்ணில் ஒரு பகுதியை அப்படி வைத்துக்கொண்டு, மிச்சச் சனத்துக்குப் பூச்சாடியில் தக்காளி நடச் சொல்வது என்ன நியாயம்? கடலும் அப்படியே. சூடையும் கீரியும் எங்கட கரையில் கிடைக்கிற மலிவான, சத்தான மீன். அடிமடி இழுவைத் தொழிலை இந்த நாடு 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. ஆனாலும் எல்லை தாண்டி வருகிற இந்திய இழுவைப்படகுகள் அடிக்கடலை வழித்துக்கொண்டுதான் போகின்றன. வலை அறுந்த மீனவர் குடும்பம் கடையில் ரின்மீன் வாங்குகிறது.

குசினிச் சண்டையையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். முதல் பத்து நாள் எல்லாரும் சமமாக வேலை செய்வோம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினோம். பதினோராம் நாள் பார்த்தால் கீரை ஆய்வதும் தேங்காய் துருவுவதும் மா வறுப்பதும் நாலு பேர்தான். பொடியள் இரண்டு பேரும் சந்தைக்குப் போவார்கள், அரிசிச் சாக்கைத் தூக்குவார்கள், பிறகு கதிரையில் இருந்து சூழலியல் கதைப்பார்கள். ஒரு நாள் பின்னேரம் முசுட்டை இலைக் கட்டைத் தூக்கி அவர்களின் மடியில் போட்டுவிட்டு நாலு பேரும் படம் பார்க்கப் போனோம். திரும்பி வர இலை ஆய்ந்து கிடந்தது, தண்டும் சேர்த்து. பொதி கட்டின உணவும் கோதம்பமாவும் பெண்களின் நேரத்தை மிச்சம் பிடித்துத் தந்தன என்பது உண்மை. அந்த நேரத்தைத் திரும்பப் பறிக்காமல் ஆரோக்கியமாகச் சாப்பிடுவது எப்படி என்று கேட்காத எந்த இயற்கை உணவுப் பிரசாரத்தையும் நாங்கள் நம்பத் தயாரில்லை. (பொடியள் இப்போது வறை நல்லாய் வறுப்பினம், அதையும் சொல்லவேண்டும்.)

இவ்வளவும் எழுதிவிட்டு, எல்லாத்தையும் அரசாங்கம் பார்க்கட்டும் என்று கையை விரிக்கவும் மனமில்லை. அரசாங்கக் கொள்கைதான் பெரிய வித்தியாசத்தைச் செய்யும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 1970களின் முன்பாதியில் இறக்குமதியை இறுக்கினபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் வீடு கட்டித் தந்தது, 1977க்குப் பிறகு கதவைத் திறந்தபோது அதே தோட்டக்காரர் விழுந்தார். இன்றைக்கும் அறுவடை நேரம் பார்த்து வெங்காயக் கப்பல் வந்தால் கதை அதுதான். அது எங்கட கைக்கு எட்டாத உயரம். ஆனால் கம்பஸ் கன்ரீன் எட்டும். ஆயிரக்கணக்கான மாணவர் சாப்பிடுகிற இடம் அது. கிழமைக்கு இரண்டு நாள் மைசூர்ப்பருப்புக்குப் பதில் பயறு, காலமையில் இலைக்கஞ்சி, மத்தியானம் உள்ளூர் அரிசி என்று கேள்விப்பத்திரத்தில் எழுதினால், அதை நம்பி இரண்டு மூன்று தோட்டக்காரர் மருந்தைக் குறைத்துப் பயிர் வைக்கலாம். புழு அரித்ததையும் வாங்குகிறோம் என்று ஒரு உத்தரவாதம்தான் அந்த ஐயா கேட்டது. லஞ்சீட்டை 2017இல் தடைசெய்தார்கள், பெயரை மாற்றிக்கொண்டு இன்றைக்கும் எங்கட பார்சலுக்குள் இருக்கிறது. வாழையிலையில் தந்தால் ஐந்து ரூபா கூடக் கொடுக்கத் தயாரோ என்று வகுப்பில் கேட்டோம். கைகள் உயர்ந்தன, ஆனால் பாதிக்கும் குறைவு.

முன்மாதிரிக்குத் தூரம் போகத் தேவையில்லை. திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகம் இருக்கிறது. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் தங்கட கையால் சமைத்து, தங்கட கணக்கில் விற்கிற இடம். குரக்கன் புட்டும் உழுந்து வடையும் இலைக்கஞ்சியும் அங்கே மலிவாகக் கிடைக்கும், உச்சி நேரத்தில் போனால் நிற்க இடமிருக்காது. உள்ளூர்ச் சாப்பாட்டை ஆர் சாப்பிடப்போகினம் என்று கேட்கிறவர்களை அங்கே ஒருநாள் கூட்டிக்கொண்டு போனால் போதும். வீட்டில் பெண்கள் சும்மா செய்த வேலைக்கு அங்கே காசு கிடைக்கிறது என்பதுதான் எங்களுக்கு அதில் மிகவும் பிடித்தது.

எங்கட மாதம் இருபத்தியாறாம் நாளோடு முடிந்தது. அடுத்த நாள் சோதினை, ஒருத்தருக்கும் மா வறுக்க நேரமில்லை, ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்தாள். சம்பலோடு நின்ற நிலையில் தின்றோம். மிச்சமாய்க் கைவசம் இருப்பது புது அரிசி, கிழமைக்கு மூன்று நாள் கீரை, பருப்பும் பயறும் மாறி மாறி. கன்ரீனுக்கான கடிதத்தில் இதுவரை நூற்றுப்பன்னிரண்டு பேர் கையெழுத்து வைத்திருக்கினம்.

வீட்டுக்கார அன்ரி பின்வளவில் ஒரு துண்டு இடம் ஒதுக்கித் தந்திருக்கிறா, மூன்று அடி அகலம் இருக்கும். ஆறு மரவள்ளித் தடி நட்டிருக்கிறோம். தண்ணிக்கு அவவின்ட கிணறுதான். இஞ்சித் தேத்தண்ணியோட மட்டும் தின்னக்கூடாது, மார்கழியில் கிண்டலாம் என்று சொல்லியிருக்கிறா. மார்கழிக்குள் எங்களில் மூன்று பேருக்குக் கடைசி வருசம் முடிந்து வீட்டை போய்விடுவினம். கீழ் வருசப் பிள்ளையளில் ஆராவது அந்த வீட்டுக்கு வாடகைக்கு வருவதென்றால், தடிகளுக்குத் தண்ணி ஊத்துவம் என்ற நிபந்தனையோடுதான் அறை கிடைக்கும் என்று அன்ரி இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறா.